எஞ்சின் உடலில் நீர்க்கசிவு: மன்னார்க் கமக்காரர் அறியவேண்டியவை

மன்னார் மாவட்டத்தின் காலபோக நெற்செய்கை வடகீழ்ப் பருவமழையோடு தொடங்குவது. முருங்கன், நானாட்டான் பக்கத்துக் கரிய களிமண் காய்ந்தாற் கல்லாகவும், நனைந்தாற் பசையாகவும் மாறும் இயல்பினது. அம்மண்ணில் உழுவதற்கேற்ற பதம் சில நாட்களே நிற்கும். அந்தச் சில நாட்களுள் உழவு இயந்திரம் நின்றுவிட்டால் விதைப்புப் பிந்தும். விதைப்புப் பிந்தினால், கதிர் தள்ளும் பருவத்தில் மழையும் ஓய்ந்து, கட்டுக்கரைக்குளத்து நீரையே முற்றாக நம்பியிருக்க நேரிடும். தீவுப் பகுதியில் நிலைமை வேறு. பேசாலை, எருக்கலம்பிட்டி, தாராபுரம் முதலிய ஊர்களின் மணற்றோட்டங்களில் மழை ஓய்ந்த பின்னரே நீரிறைப்பு மும்முரமாகும். மணல் நீரைப் பிடித்து வைப்பதில்லை. வெயில் ஏறிய காலத்தில் சில நாட்கள் இறைப்புத் தவறினாலும் மிளகாயும் கத்தரியும் பூவை உதிர்த்துவிடும்.

எஞ்சின் நின்றுபோவதற்குக் காரணங்கள் பல. அவற்றுட் கமக்காரரைப் பெரிதும் அஞ்சச் செய்வது, ‘புளொக்’ என வழங்கும் எஞ்சின் உடலிலிருந்து குளிர்நீர் கசிதலாகும். ஏனைய உறுப்புக்களைக் கழற்றி மாற்றலாம். உடலை மாற்றுவதென்பது எஞ்சினையே மாற்றுவதற்கு ஒப்பானது. 2022ஆம் ஆண்டில் ரூபாவின் பெறுமதி பெரிதும் வீழ்ந்ததை அடுத்து, இறக்குமதியாகும் உதிரிப்பாகங்களின் விலையும் பெரிதும் ஏறியது. ஆகவே, “புளொக் வெடித்துவிட்டது, மாற்றத்தான் வேண்டும்” என்ற சொல்லைக் கேட்டவுடன் முற்பணத்துக்கு அலையாமல், அச்சொல் மெய்தானா என்று ஆராய்தல் அவசியமாகின்றது. உடலிலிருந்து கசிவதுபோலத் தோன்றும் நீர் வேறோரிடத்திலிருந்து வழிவதும் உண்டு. உடலே பழுதுபட்டிருப்பினும், அப்பழுது தொழிற்சாலையில் தோன்றியதா, அல்லது நாள்தோறும் ஊற்றப்பட்ட நீரால் விளைந்ததா என்பதை அறியாமல் புதிய உடலைப் பூட்டினால், அதுவும் சில போகங்களில் அவ்வழியே போகும்.

இங்கு கூறப்படுவன நீராற் குளிரும் டீசல் எஞ்சின்களுக்கே உரியன. காற்றாற் குளிரும் சிறிய இறைப்பு எஞ்சின்களை வைத்திருப்போருக்கு இவை பொருந்தா.

நீர்ச்சட்டையும் அதன் பணியும்

டீசல் எஞ்சினில் எரியும் எண்ணெயின் வெப்பம் முழுவதும் வேலையாக மாறுவதில்லை. மூன்றிலொரு பங்கோ அதற்குச் சற்றுக் குறைவோ மாத்திரமே சக்கரத்தைச் சுழற்றும். ஒரு பெரும்பங்கு புகையோடு வெளியேறும். எஞ்சியதிற் பெரும்பகுதி சிலிண்டரின் சுவரைச் சுடுவிக்கும். இவ்வெப்பத்தை அகற்றாவிடின் ஆடுதண்டு விரிந்து சிலிண்டரிற் சிக்கிக்கொள்ளும். அதன் பொருட்டே சிலிண்டரைச் சூழ நீர் நிற்கும் இடைவெளி ஒன்று வார்ப்பிரும்பு உடலில் அமைக்கப்பட்டிருக்கின்றது. இதனை நீர்ச்சட்டை என்பர். சட்டையின் வெளிச்சுவர் பல எஞ்சின்களிற் சில மில்லிமீற்றர் தடிப்பே உடையது.

வார்ப்பிரும்பு அமுக்கத்தை நன்கு தாங்கும், இழுவையைத் தாங்காது. ஒரு பக்கம் சூடாகவும் மறுபக்கம் குளிராகவும் இருந்தால், சூடான பக்கம் விரிய முயலும்; குளிர்ந்த பக்கம் இழுபடும். அவ்விழுவை அளவுகடந்தால் இரும்பு வெடிக்கும். கொதிக்கும் சட்டியிற் பச்சைத்தண்ணீர் ஊற்றினால் நேர்வதே எஞ்சின் உடலிலும் நேரும். வயலின் நடுவே தொட்டி வற்றிப்போய், எஞ்சின் சுட்டு முனகும் வேளையில், வாய்க்கால் நீரை வாளியில் அள்ளி ஒரே வீச்சில் ஊற்றுவது கண்முன்னே நடக்கும் வழக்கம். அந்த ஒரு வாளி நீர் ஓர் உடலின் விலையாகக் கூடும். நீர் முற்றாக வற்றிய எஞ்சினை நிறுத்தி, உடலிற் கை வைத்தாற் பொறுக்கக்கூடிய அளவுக்கு ஆறவிட்டு, அதன் பின்னரே சிறிது சிறிதாக நீர் விடுதல் வேண்டும். அரைமணி நேரமோ அதற்கு மேலோ செல்லும், செல்லட்டும்.

எஞ்சினுக்குள் ஓர் உப்பளம்

இருசக்கர உழவு இயந்திரங்களிற் பலவற்றில் எஞ்சினின் மேற்புறம் திறந்த நீர்த்தொட்டி ஒன்று இருக்கும். தொட்டி நீர் கொதித்து ஆவியாகி, வெப்பத்தைக் கொண்டுபோகும். குறைந்த நீரை ஊற்றி நிரப்பிக்கொள்வர். எளிமையான அமைப்பு, பம்பியும் இல்லை, விசிறியும் இல்லை. ஆயின் மன்னாரின் கிணற்றுநீருக்கு இவ்வமைப்பு ஒவ்வாதது. ஆவியாகி மேலே போவது தூய நீர். அதிலிருந்த உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். பாத்தியிற் கடல்நீரைத் தேக்கி வெயிலில் வற்றவிடும் உப்பளத்தின் வேலையையே இத்தொட்டியும் செய்கின்றது. வெயிலுக்குப் பதிலாக இங்கு டீசல் எரிகின்றது.

ஒரு கணக்கைப் பார்த்தால் இது தெளிவாகும். கிணற்றுநீரில் லிற்றருக்கு 1 கிராம் உப்பு உள்ளதென்று கொள்க. தொட்டியின் கொள்ளளவு 10 லிற்றர். ஒரு நாள் வேலையில் ஆவியாகி, மீண்டும் ஊற்றப்படும் நீர் 20 லிற்றர். முதல் நாட் காலையில் தொட்டியில் உள்ள உப்பு 10 கிராம். அன்று மாலையில் 30 கிராம். ஐந்தாம் நாள் மாலையில் 110 கிராம். நீரை வடிக்காமல் இவ்வாறே தொடர்ந்தால் பதினேழாம் நாள் மாலையில் 350 கிராம். பத்து லிற்றர் நீரில் 350 கிராம் உப்பு என்பது கடல்நீரின் செறிவேயாகும். நாவுக்குச் சற்றே உவர்க்கும் நீரை ஊற்றிய கமக்காரர், மூன்று கிழமைக்குள் தம் எஞ்சினைக் கொதிக்கும் கடல்நீரில் அமிழ்த்திவிடுகின்றார். கிணற்றில் லிற்றருக்கு 2 கிராம் உப்பிருந்தால் ஒன்பதாம் நாளிலேயே அந்நிலை வந்துவிடும்.

தீவில் இது மேலும் கடுமை. அங்கு மணலின் அடியில் உள்ள நன்னீர், கடல்நீரின் மேல் மிதக்கும் மெல்லிய படலமாகவே இருக்கின்றது. கோடையில் அளவுமீறி இறைத்தால் அடியிலுள்ள உவர்நீர் மேலெழும். மாசியில் நன்னீராயிருந்த கிணறு ஆனியில் உவர்ப்பதன் காரணம் இதுவே. மாசி மாதத்துச் சுவையை நம்பி ஆனி மாதத்தில் எஞ்சினுக்கு ஊற்றுதல் ஆகாது.

உப்பு நீரில் நெடுங்காலம் நின்ற வார்ப்பிரும்பு ஒரு விசித்திரமான முறையில் அழிகின்றது. இரும்பு கரைந்து போக, அதனோடு கலந்திருந்த கரி மாத்திரம் அதே உருவத்தில் எஞ்சி நிற்கும். பார்வைக்குச் சுவர் முழுமையாகத் தோன்றும். கத்தியாற் சுரண்டினால் பென்சிற்கரிபோல உதிரும். இத்தகைய உடலை ஒட்டவைக்க முயல்வது வீண். ஒட்டுவதற்கு அங்கே இரும்பு இல்லை.

இதனைத் தடுக்கும் வழி செலவற்றது. வேலை முடிந்து எஞ்சின் ஆறியபின், மாலைதோறும் அடிக்குழாயைத் திறந்து நீர் முழுவதையும் வடித்துவிடுதல் வேண்டும். மேற்கூறிய கணக்கின்படி, அவ்வாறு செய்தால் உப்பு 10 லிற்றருக்கு 30 கிராமைத் தாண்டாது; அதாவது கடல்நீரின் பத்திலொரு பங்குக்கும் குறைவு. ஆனால் ஓர் ஆபத்து உண்டு. காலையில் நீர் நிரப்ப மறந்து எஞ்சினை இயக்கினால் சில நிமிடங்களிற் கேடு வந்துவிடும். நீரை வடித்தவுடன் இயக்கும் கைப்பிடியில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டிவிட்டு, நிரப்பிய பின்னரே அதனை அவிழ்க்கும் வழக்கத்தைக் கைக்கொள்வது நன்று. வீட்டிலுள்ள இளைஞரோ கூலியாளோ இயந்திரத்தை எடுக்க நேரின், அத்துணி அவர்களையும் எச்சரிக்கும்.

இதனினும் மேலான வழி மழைநீரைச் சேமித்தல். பத்துச் சதுர மீற்றர் பரப்புடைய தகரக் கூரையில் 30 மில்லிமீற்றர் மழை பெய்தால் ஏறக்குறைய 300 லிற்றர் நீர் விழும். முதல் மழையிற் கூரையின் தூசியும் பறவை எச்சமும் கழுவிப்போகவிட்டு, பின்வரும் நீரைத் துணியால் வடித்துத் துப்புரவான பீப்பாய்களில் மூடி வைத்தால், நாளொன்றுக்கு 20 லிற்றர் வீதம் பதினைந்து நாள் உழவுக்குப் போதும். அதற்கும் வசதியில்லாதவர் வாய்க்கால் நீரை உபயோகிக்கலாம். குளத்திலிருந்து வரும் நீர் உவர்க்கிணற்று நீரைவிட எஞ்சினுக்கு ஏற்றது. ஆயின் அதிற் சேறு உண்டு. ஓரிரவு தெளியவைத்து மேல்நீரை மாத்திரம் எடுத்தல் வேண்டும். சேறு நீர்ச்சட்டையின் அடியிற் படிந்தால், அவ்விடத்தில் நீர் இல்லாததற்குச் சமம்.

சுண்ணாம்புப் படிவு

முருங்கன் பகுதியின் நிலத்தடியிற் சுண்ணாம்புக்கற் படை உள்ளது. அக்கல்லினூடே வரும் நீர் குடிப்பதற்கு உவர்க்காதிருப்பினும், சுண்ணாம்பு மிகுந்ததாயிருக்கும். சவர்க்காரம் நுரைக்காமையும், நீர் கொதிக்கவைக்கும் கேத்தலின் உட்புறம் வெள்ளைப்பொருக்குப் படிதலும் இதற்கு அடையாளங்கள். கேத்தலிற் படிவதே சிலிண்டரைச் சுற்றியும் படியும். பொருக்கு வெப்பத்தை எளிதிற் கடத்தாது. ஆகவே நீர் அளவாக இருந்தும் சிலிண்டர் சுடும், சுட்ட இடத்தில் இழுவை மிகும், ஈற்றில் வெடிப்பு.

பொருக்கை அகற்றச் சித்திரிக் அமிலம் போதும். லிற்றருக்கு 50 கிராம் வீதம் கரைத்து ஊற்றி, எஞ்சினை இளஞ்சூடாகும்வரை சுமையின்றி இயக்கி, ஒன்றிரண்டு மணித்தியாலம் நிற்கவிட்டு வடித்தபின், சலவைச் சோடாக் கரைசலால் ஒருமுறையும் நல்ல நீரால் இருமுறையும் அலசுதல் வேண்டும். மலசலகூடம் கழுவும் கடும் அமிலத்தை ஊற்றுவோரும் உளர். அது பொருக்கோடு இரும்பையும் தின்னும். அமிலத்தாற் கழுவியபின் புதிதாகக் கசிவு தோன்றினால் அமிலத்தைக் குறை கூறுதல் பொருந்தாது. பழைய துளையைப் பொருக்கே இதுவரை அடைத்திருந்தது என்பதே அதன் பொருள்.

வார்ப்பிலேயே தோன்றும் குறை

எல்லாப் பழியையும் நீரின்மீது சுமத்துவதும் நியாயமன்று. உடலை வார்க்கும்போது, நீர்ச்சட்டைக்குரிய வெற்றிடத்தை உண்டாக்குவதற்கு மணலாற் செய்த கரு ஒன்றை அச்சினுள் வைப்பர். உருகிய இரும்பு பாயும்போது அக்கரு சற்றே நகர்ந்தால், ஒரு பக்கச் சுவர் தடித்தும் மறுபக்கச் சுவர் மெலிந்தும் போகும். கருவைத் தாங்கும் சிறு உலோகத் தாங்கிகள் இரும்போடு முற்றாக உருகி ஒன்றாகாவிடின், அவ்விடம் நாளடைவிற் கசியும். வாயுக் குமிழ்கள் தங்கிய இடத்தில் ஊசித்துளைகள் உண்டாகும்.

பெரிய தொழிற்சாலைகளுக்கும் இது நேர்ந்திருக்கின்றது. 1999 முதல் 2001 வரையான ஆண்டளவில், அமெரிக்காவில் டொட்ஜ் பாரவண்டிகளுக்குப் பூட்டப்பட்ட 5.9 லிற்றர் கம்மின்ஸ் டீசல் எஞ்சின்களுள் ஒரு தொகுதியின் பக்கத்தில் ‘53’ என்ற எண் வார்ப்பிலேயே அமைந்திருந்தது. அவ்வுடல்களின் நீர்ச்சட்டைச் சுவர் ஏனையவற்றைவிட மெல்லியதாயிருந்தமையால், பல எஞ்சின்களில் வெளிச்சுவர் நீளவாட்டில் வெடித்துக் குளிர்நீர் கசியலாயிற்று. எல்லாம் வெடிக்கவில்லை, பல இலட்சக்கணக்கான கிலோமீற்றர் ஓடியவையும் உள. வெடித்தவற்றுட் சில, பின்னர் கூறப்படும் இரும்புத் தையல் முறையினாற் செப்பனிடப்பட்டு மீண்டும் ஓடின. ஓரெண்ணைக் கொண்டு குறையுள்ள வார்ப்பை அடையாளம் காண முடிந்தது அவ்வண்டிக்காரர்களுக்கு வாய்த்த அனுகூலம். இங்கு விற்பனையாகும் சிறிய எஞ்சின்களில் அத்தகைய அடையாளம் கிடைப்பது அரிது. எனினும் வார்ப்பிலுள்ள எண்ணையும் எஞ்சின் இலக்கத்தையும் வாங்கிய அன்றே குறித்து வைத்தல் நன்று.

தொழிற்சாலைக் குறை பெரும்பாலும் முதலிரு போகங்களிலேயே தலைகாட்டும். துருவும் அரிப்பும் விளைக்கும் குறை ஆண்டுகள் கழிந்தே வரும். புதிய எஞ்சினிற் கசிவு கண்டால், எதையும் பூசாமலும் கழற்றாமலும், பற்றுச்சீட்டோடும் உத்தரவாதப் பத்திரத்தோடும் விற்றவரிடம் எழுத்தில் முறையிடுதல் வேண்டும். அவர் செவிசாய்க்காவிடின், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அமைந்த நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையிடம் முறைப்பாடு செய்யலாம். இதிற் காலந்தாழ்த்துதல் தகாது. உத்தரவாதக் காலத்துள் வீட்டிலேயே பசை பூசிப் பார்த்தவரின் முறைப்பாடு வலுவிழந்துவிடும்.

கசிவைக் கண்டுபிடித்தல்

திறந்த தொட்டியுள்ள எஞ்சினில் நீர் குறைவது இயல்பாதலால், குறைவை வைத்துக் கசிவை அறிய முடியாது. மாலையில் எஞ்சின் நன்கு ஆறியபின் ஓர் அடையாளம்வரை நீர் நிரப்பி, அன்றிரவு மாத்திரம் வடிக்காமல் விட்டு, விடியற்காலையில் பார்த்தல் வேண்டும். எஞ்சின் ஓடாதபோதும் நீர் இறங்கியிருந்தால் கசிவு உறுதி.

அடுத்ததாக நோக்கவேண்டியது எண்ணெய். அளவுக்குச்சியிற் பட்ட எண்ணெய் மோர் போல வெளுத்திருந்தால் நீர் கலந்துவிட்டது. சிறிதளவே கலந்திருப்பின் நிறம் மாறாமலும் இருக்கும். அதற்கு ஓர் உபாயம்: இரவு முழுவதும் நின்ற எஞ்சினின் எண்ணெய் வடிக்கும் ஆணியைக் காலையிற் சற்றே தளர்த்தினால், எண்ணெயினும் கனமான நீர் முதலில் வெளிவரும். நீர் கலந்த எண்ணெயோடு எஞ்சினை ஒரு மணித்தியாலமேனும் ஓட்டுதல் கூடாது. அவ்வெண்ணெய் தாங்கிகளில் வழுக்காது. தாங்கிகள் தேய்ந்து சுழல்தண்டும் கெட்டால், உடலிற் கண்ட சிறு கசிவு எஞ்சின் முழுவதையும் கொண்டுபோய்விடும்.

எண்ணெயில் நீர் இறங்கியதென்றால் உடல் வெடித்ததென்று முடிவுகட்டுதல் தவறு. ஒற்றைச் சிலிண்டர் எஞ்சின்கள் பலவற்றில் ‘லைனர்’ எனப்படும் உறையை நீர் நேரே தொட்டு நிற்கும். உறையின் அடியில் இறப்பர் வளையங்கள் நீரைத் தடுக்கின்றன. வளையம் இறுகிப் பொரிந்துவிட்டால் நீர் எண்ணெய்க்குள் இறங்கும். வளையத்தின் விலை அற்பம். உறையிலும் ஊசித்துளைகள் விழுவதுண்டு. ஆடுதண்டின் அடியால் உறை அதிரும்போது அதன் வெளிப்புறத்தில் நுண்ணிய நீராவிக் குமிழ்கள் தோன்றி வெடிக்கின்றன. ஒவ்வொரு வெடிப்பும் இரும்பிற் சிறு துணிக்கையைப் பெயர்க்கும். நாளடைவில் உறையின் ஒரு பக்கம் தேன்கூடுபோலப் பொத்தலாகும். அதற்கும் உறையை மாற்றினாற் போதும். உடலை மாற்ற வேண்டியதில்லை.

இயக்கும்போது கைப்பிடி பாதியிற் கல்லிற் பட்டதுபோல் நின்றால், ஆடுதண்டின் மேல் நீர் தேங்கியிருக்கக்கூடும். நீர் அமுங்காது. வலிந்து சுழற்றினால் இணைதண்டு வளையும். எரிபொருள் தெளிப்பானைக் கழற்றிவிட்டு மெல்லச் சுழற்றினால் நீர் பீச்சி வெளிவரும். அப்போது முகத்தை அவ்விடத்துக்கு நேரே வைத்தல் ஆகாது. இவ்வாறு நீர் மேலே வந்திருப்பின், ‘ஹெட்’ என வழங்கும் தலைமூடியையும் அதன்கீழுள்ள காஸ்கட்டையுமே முதலில் ஐயுறல் வேண்டும். எஞ்சின் ஓடும்போது றேடியேற்றரின் வாயில் இடைவிடாது குமிழ் எழுவதும், நீர் சூடேறிய பின்னரும் வெண்புகை நீங்காமையும் இதற்கு வேறு அடையாளங்கள்.

வெளிப்புறக் கசிவுக்கு வருவோமாயின், எஞ்சினை மண்ணெண்ணெயால் துடைத்து உலர்த்தி, நீர் முதலில் அரும்பும் இடத்தைக் காணல் வேண்டும். கீழே ஒழுகும் இடம் கசியும் இடமாயிராது. குழாய்ப் பட்டி, நீர்ப்பம்பியின் அச்சு, காஸ்கட்டின் விளிம்பு ஆகியவற்றிலிருந்து வழியும் நீர் உடலோடு ஓடிவந்து அடியிற் சொட்டும். உடலின் பக்கத்தில் வட்டமான தகட்டு மூடிகள் சில இருக்கும். வார்ப்பின்போது மணற்கருவைத் தாங்கவும் பின்னர் மணலை அகற்றவும் விட்ட துளைகளை அடைப்பவை அவை. ‘வெல்ச் பிளக்’ என்பர். மெல்லிய தகடாதலால் உவர்நீர் அவற்றையே முதலில் துளைக்கும். மூடியைச் சுற்றிச் செந்நிறத் தாரை காணப்பட்டால், உடலைப் பழிக்காமல் மூடியை மாற்றுவதே முறை. ஒரு மூடி பொத்தலானால் ஏனையவையும் அதே வயதினவாதலால் எல்லாவற்றையும் ஒருங்கே மாற்றுதல் சிக்கனம்.

மூடிய றேடியேற்றர் உள்ள நாற்சக்கர உழவு இயந்திரமாயின், கைப்பம்பியும் அமுக்கமானியும் கொண்டு அமுக்கச் சோதனை செய்யலாம். றேடியேற்றர் மூடியிற் குறித்த அமுக்கத்துக்கு மேல் ஏற்றலாகாது. மூடியில் சதுர அங்குலத்துக்கு 7 இறாத்தல் என்றிருந்தால் அவ்வளவே ஏற்றிக் கால்மணி நேரம் விடுதல் வேண்டும். முள் இறங்கினால் கசிவு உண்டு. சூடான எஞ்சினில் இம்மூடியைத் திறப்பது பேராபத்து. அமுக்கம் நீங்கியவுடன் உள்ளிருக்கும் நீர் ஒரேயடியாகக் கொதித்து முகத்திற் பாயும்.

கழற்றிய உடலில் மயிரிழை வெடிப்பைக் காண்பதற்கு ஒரு பழைய முறை இன்றும் நல்ல பயன் தருகின்றது. வெளிச்சுவரில் சுண்ணாம்பைக் கரைத்துப் பூசி உலரவிட்டு, நீர்ச்சட்டையினுள் மண்ணெண்ணெய் நிரப்பி ஓரிரவு வைத்தல் வேண்டும். நீர் நுழையாத இடத்திலும் மண்ணெண்ணெய் நுழையும். காலையில் வெள்ளைப் பூச்சின்மேல் கோடாகக் கறை தோன்றினால் அது வெடிப்பு; புள்ளிகளாகத் தோன்றினால் வார்ப்பின் ஊசித்துளை. சிலிண்டரின் உட்சுவரிலும் இவ்வாறே பார்க்கலாம். நெருப்பை அண்டவிடலாகாது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

செப்பனிடும் முறைகள்

வழியில் நின்றுபோன வண்டிச்சாரதிகள் றேடியேற்றரில் மஞ்சள்தூளைப் போட்டு ஊர்வந்து சேர்ந்த கதைகள் உண்டு. கடையில் விற்கும் கசிவடைப்புத் தூள்களும் அவ்வினத்தனவே. வயலிலிருந்து வீட்டுக்கு வந்துசேர அவை உதவும். அதற்குமேல் வைத்திருந்தால், துளையை அடைத்த அதே தூள் றேடியேற்றரின் நுண்குழாய்களையும் அடைத்துவிடும்.

சட்டையின் வெளிச்சுவரில் உள்ள சிறு வெடிப்புக்கும் ஊசித்துளைக்கும், இரும்புத்தூள் கலந்த இருகூற்றுப் பசை போதுமானது. வெடிப்பின் இரு நுனிகளையும் தேடி, ஒவ்வொன்றிலும் 3 மில்லிமீற்றர்த் துளையிடுதல் முதல் வேலை. இத்துளைகள் வெடிப்பு மேலும் ஓடாமல் நிறுத்தும். பின்னர் வெடிப்பின் வழியே அரத்தால் ஆழமற்ற பள்ளமெடுத்து, எண்ணெய்ப்பசை முற்றாக நீங்கும்வரை அசற்றோனால் துடைத்து, பசையை அழுத்தி நிரப்பி, ஒரு நாள் முழுவதும் இறுகவிடுதல் வேண்டும். பசை நிலைக்காமைக்குப் பெருங்காரணம் அவசரமும் எண்ணெய்ப்பிசுக்கும் ஆகும். சிலிண்டருக்கும் சட்டைக்கும் இடைப்பட்ட சுவரிலோ, தலைமூடி அமரும் தளத்திலோ பசை நில்லாது.

நீண்ட வெளிவெடிப்புக்கு ஏற்றது இரும்புத் தையல். வெடிப்பின்மீது ஒரு துளையிட்டு மரைவெட்டி, மரையாணியை இறுக்கித் தலையை வெட்டிவிடுவர். அடுத்த துளை, முன்னைய ஆணியின் ஓரத்தையும் சிறிது கடித்துக்கொண்டு விழும். இவ்வாறு சங்கிலிக் கண்ணிபோல ஆணிகள் ஒன்றோடொன்று பிணைந்து வெடிப்பு முழுவதையும் மூடும். பின்னர் சுத்தியலால் மெல்லத் தட்டி அரத்தால் சமன் செய்வர். வெப்பம் சிறிதும் படாமையால் உடல் கோணாது. புதிய வெடிப்பும் தோன்றாது. பொறுமை மிக வேண்டிய வேலை. 1990களில், போரின் காரணமாக எரிபொருளும் வேறு பல பொருள்களும் வடபகுதிக்கு வருவது கட்டுப்படுத்தப்பட்டிருந்த காலத்தில், பழையதைச் செப்பனிட்டே காலம் கழித்த ஊர்த் திருத்துநர்களுக்கு இத்தகைய கைவேலை புதிதன்று.

உருக்கி ஒட்டுதல் கடைசி வழி. வார்ப்பிரும்பைச் சாதாரண உருக்குக் குச்சியால் ஒட்டினால், ஒட்டின் ஓரம் கண்ணாடிபோல் கடினமாகி, ஆறும்போதே “டக்” என்ற ஓசையோடு பக்கத்தில் வெடிக்கும். நிக்கற் குச்சியையே உபயோகித்தல் வேண்டும். ஒரு முறைக்கு ஓரங்குலத்துக்கு மேல் ஒட்டாமல், ஒட்டியவுடன் சிறு சுத்தியலால் தட்டி, கை பொறுக்கும் சூட்டுக்கு வந்தபின் அடுத்ததைத் தொடங்கல் வேண்டும். உடலை முன்கூட்டியே சீராகச் சூடாக்கி, முடிவில் உலர்ந்த சாம்பலிலோ மணலிலோ புதைத்து மெல்ல ஆறவிடுதல் சிறப்பு. மண்ணெண்ணெய்ச் சோதனை செய்த உடலை நன்கு கழுவி உலர்த்தாமல் தீப்பொறிக்கு அருகில் கொண்டுசெல்லலாகாது.

சிலிண்டர்ச் சுவரில் வெடிப்பாயின், துளையைப் பெருப்பித்துப் புதிய உறை ஒன்றை இறுக்கிச் செருகலாம். அதற்குக் கடைசற் பட்டறை வேண்டும். சுழல்தண்டுத் தாங்கியின் இருக்கையினூடே ஓடிய வெடிப்புக்கும், முற்கூறியவாறு கரியாகிப்போன சுவருக்கும் மருந்தில்லை. அங்கேதான் புதிய உடல் நியாயமான செலவாகும். எம்முறையைக் கையாண்டாலும், பூட்டுவதற்கு முன்னர் மீண்டும் ஒருமுறை சோதித்தல் வேண்டும். எண்ணெயில் நீர் கலந்திருந்தால், புதிய எண்ணெயோடு குறைந்த சுமையில் அரைமணி நேரம் ஓட்டி, அவ்வெண்ணெயையும் வடித்து மாற்றுதல் அவசியம்.

மூடிய அமைப்பும் பீப்பாய் அமைப்பும்

றேடியேற்றர் உள்ள எஞ்சினில் அதே நீர் திரும்பத் திரும்பச் சுற்றுவதாற் செறிவு ஏறாது. அதற்குத் துருத்தடுப்பு மருந்து கலந்த நிறநீரே உரியது. ஒவ்வொரு முறையும் கிணற்றுநீரால் ஈடுசெய்துகொண்டே போனால், அம்மருந்து நீர்த்துப் பயனற்றதாகும். வடித்த நிறநீர் இனிப்பாயிருக்கும், நஞ்சு. கன்றுகளும் நாய்களும் அதனை நக்கும். வாய்க்காலிலோ கிணற்றோரத்திலோ கொட்டாமல், மூடிய கலத்திற் சேர்த்து எஞ்சினைப் பராமரிக்கும் கராஜிடம் ஒப்படைத்தல் வேண்டும்.

நிலையாக ஓரிடத்தில் நிற்கும் இறைப்பு எஞ்சின்களில், இறைக்கும் நீரில் ஒரு பகுதியையே உடலினூடே ஓடவிட்டுக் குளிர்விப்பர். உவர்க்கிணற்றுக்கும் சுண்ணாம்புநீர்க் கிணற்றுக்கும் இது தீங்கானது. இங்கிலாந்தின் டேர்ஸ்லி நகரிலிருந்து வெளிவந்த 6 குதிரைவலு லிஸ்டர் எஞ்சின், நிமிடத்துக்கு 650 சுற்று மாத்திரம் சுழன்று, பக்கத்தில் வைத்த ஒரு நீர்த்தாங்கியாற் குளிர்ந்துகொண்டு நெடுங்காலம் உழைத்தது. சூடான நீர் தானே மேலெழ, குளிர்ந்த நீர் அடியால் வந்து சேரும், பம்பி வேண்டியதில்லை. உள்வாய்க் குழாயும் வெளிவாய்க் குழாயும் தனித்தனியே உள்ள எஞ்சினாயின், 200 லிற்றர்ப் பீப்பாயை மேடையில் வைத்து மழைநீர் நிரப்பி இவ்வாறே இணைக்கலாம். குழாய்கள் அகன்றும் கூரிய வளைவின்றியும் இருத்தல் வேண்டும். பீப்பாயின் நீர்மட்டம் மேற்குழாயின் வாய்க்குக் கீழே இறங்கினால் ஓட்டம் நின்றுவிடும். அதனைக் காலைதோறும் பார்த்துக்கொள்வது இறைப்பவரின் பொறுப்பு.

பழைய எஞ்சினை வாங்குவோர்

பாவித்த எஞ்சினை வாங்க முற்படுவோர் புதுப் பூச்சைக் கண்டு மகிழாமல் ஐயுறுதல் நன்று. உடலின் பக்கத்தில் அரம் பட்ட தடமோ, பூச்சின் அடியிற் பசையின் மேடோ இருக்கின்றதா என்று விரலால் தடவிப் பார்த்தல் வேண்டும். தகட்டு மூடிகளின் ஓரத்தையும், தொட்டியின் உட்புறத்தில் வெள்ளைப்பொருக்கையும் செந்துருவையும் நோக்குக. எண்ணெய்க் குச்சியையும் எண்ணெய் ஊற்றும் வாயின் மூடியையும் திறந்து வெண்ணுரை உண்டா என்று பார்க்க. பின்னர் எஞ்சினை அரைமணி நேரம் சுமையோடு ஓட்டி, ஆறியபின் நீரை ஓர் அடையாளம்வரை நிரப்பச் செய்து, மறுநாட் காலையில் மீண்டும் சென்று அவ்வடையாளத்தையும் எஞ்சினின் கீழுள்ள தரையையும் பார்த்தல் வேண்டும். ஓரிரவு காத்திருக்க உடன்படாத விற்பனையாளரிடம் முற்பணம் கொடாதிருத்தலே பாதுகாப்பு.